வைஃபை சேரவில்லையா? பாதுகாப்பை அணைக்காமல் பழுது பார்ப்பது

மன்னார்குடியில் உரக்கடை, நீடாமங்கலத்தில் அரவை மில், கும்பகோணத்தில் லாட்ஜ், வேதாரண்யம் பக்கம் பள்ளிக்கூடம். எங்கிருந்து கூப்பிட்டாலும் முதல் வார்த்தை ஒன்றுதான்: "நெட் வரவில்லை." போய்ப் பார்த்தால் பல இடங்களில் நெட் வந்துகொண்டுதான் இருக்கும். வைஃபை தரும் பெட்டியான ஆக்சஸ் பாயிண்டில் உள்ள ஏதோ ஒரு பாதுகாப்பு வசதி, குறிப்பிட்ட கருவியை உள்ளே விடாமல் நிறுத்தி வைத்திருக்கும். அவசரத்துக்கு யாராவது ஒருவர் பாஸ்வேர்டையே எடுத்துவிட்டு 'ஓப்பன்' என்று வைப்பார். உடனே எல்லாம் வேலை செய்யும். அவசரம் முடிந்து மூன்று போகம் அறுத்த பிறகும் அது ஓப்பனாகவே கிடக்கும்.

பில்லிங் கம்ப்யூட்டர், சிசிடிவி பதிவுப் பெட்டி, முதலாளியின் வங்கி ஆப் எல்லாம் அதே வைஃபையில்தான் இருக்கின்றன. 2008-இல் அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சற்று முன் வந்த மிரட்டல் மின்னஞ்சல், நவி மும்பையில் ஒரு வீட்டின் பாதுகாப்பில்லாத வைஃபை வழியாக அனுப்பப்பட்டிருந்தது. போலீஸ் தேடிக்கொண்டு போனதும் அந்த வீட்டுக்குத்தான். அதனால் எந்த வசதி தடுக்கிறது என்று கண்டுபிடித்து, அந்த ஒன்றை மட்டும் சரிசெய்யுங்கள். மற்றதைத் தொட வேண்டாம்.

தொடங்கும் முன் லேப்டாப்பை ஆக்சஸ் பாயிண்டோடு கேபிளில் இணையுங்கள். வைஃபையில் இருந்தபடியே வைஃபை செட்டிங்கை மாற்றினால் பாதியில் நீங்களே வெளியே வந்துவிடுவீர்கள். அட்மின் பக்கத்தின் முகவரி பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும், பெரும்பாலும் 192.168.0.1 அல்லது 192.168.1.1. இப்போது இருக்கும் செட்டிங்ஸ் பக்கங்களை எல்லாம் ஃபோனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். சரியாகவில்லை என்றால் பழையபடி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

"பாஸ்வேர்டு சரியாகத்தான் போடுகிறேன், தவறு என்கிறது"

முதலில் ஒரு கேள்வி. எல்லாக் கருவிக்கும் இப்படியா, ஒன்றிரண்டுக்கு மட்டுமா?

எல்லாவற்றுக்கும் என்றால் பாஸ்வேர்டை யாரோ மாற்றியிருக்கிறார்கள், அல்லது பெட்டி ரீசெட் ஆகியிருக்கிறது. ஒன்றிரண்டுக்கு மட்டும் என்றால் தட்டச்சைப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் வந்த பாஸ்வேர்டைக் காப்பி செய்தால் கடைசியில் ஒரு இடைவெளியும் சேர்ந்து வரும். ஃபோன் கீபோர்டு முதல் எழுத்தைத் தானாகவே பெரிய எழுத்தாக்கிவிடும். கண் குறியை அழுத்தி எழுத்தெழுத்தாகப் பார்த்துவிடுவது நல்லது.

அது சரியாக இருந்தும் சேரவில்லை என்றால், அந்தக் கருவியை ஆக்சஸ் பாயிண்டுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து சோதியுங்கள். இந்தப் படியை யாரும் செய்வதில்லை. அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன். வைஃபையில் பாஸ்வேர்டு அப்படியே அனுப்பப்படுவதில்லை. இரண்டு பக்கமும் நான்கு செய்திகளைப் பரிமாறி, இருவரிடமும் ஒரே பாஸ்வேர்டு இருப்பதை உறுதி செய்துகொள்கின்றன. சிக்னல் மோசமாக இருந்து அந்த நான்கில் ஒன்று திரும்பத் திரும்பத் தொலைந்தால் பரிமாற்றம் முடியாது. சில ஃபோன்கள் அதையும் 'பாஸ்வேர்டு தவறு' என்றே காட்டும். கும்பகோணம், தஞ்சாவூர்ப் பக்கத்துப் பழைய வீடுகளில் சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய முக்கால் முழச் சுவர்கள் உண்டு. முன்கட்டில் பெட்டியை மாட்டிவிட்டு, முற்றம் தாண்டிப் பின்கட்டில் இருந்து சேரப் பார்த்தால் இதுதான் நடக்கும். பக்கத்தில் வந்ததும் சேர்ந்துவிட்டது என்றால் பாதுகாப்பு செட்டிங்கில் குறையே இல்லை. பெட்டியை முற்றத்துத் தாழ்வாரத்துக்கு மாற்றுங்கள், அல்லது கேபிள் இழுத்து இன்னொன்று வையுங்கள்.

பக்கத்தில் வந்தும் சேரவில்லையா? அப்படியானால் டபிள்யூபிஏ3 என்ற வைஃபை பாதுகாப்பு முறை மேல் சந்தேகப்படலாம். 2018-இல் அறிவிக்கப்பட்ட இந்தப் புதிய முறை ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 13-இல் இருந்து வந்தது. பழைய ஃபோன்கள், மலிவான சிசிடிவி கேமராக்கள், பில் அடிக்கும் சிறு பிரிண்டர்கள் பலவற்றுக்கு இது தெரியாது. புதுப் பெட்டி வாங்கி 'டபிள்யூபிஏ3 மட்டும்' என்று வைத்தால் அவை எல்லாம் வெளியே நிற்கும். 'டபிள்யூபிஏ2/டபிள்யூபிஏ3' என்ற கலப்பு முறைக்கு மாற்றிப் பாருங்கள். அப்போதும் ஒரு கேமரா முரண்டு பிடித்தால் பிஎம்எஃப் என்ற செட்டிங்கைப் பாருங்கள். இணைப்பை நடத்தும் உள்செய்திகளைப் போலி செய்யவிடாமல் காக்கும் வசதி அது. 'கட்டாயம்' என்று இருந்தால் 'முடிந்தவரை' என்று மாற்றுங்கள்; 'அணை' வேண்டாம்.

என் விருப்பம் இதைவிட ஒரு படி மேல். பழைய கருவிகளுக்கென்று தனிப் பெயரில் இன்னொரு வைஃபை, டபிள்யூபிஏ2-ஏஇஎஸ் (ஏஇஎஸ் என்பது பலமான குறியாக்க முறை), 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும். மலிவான கேமராக்களில் பல 5 கிகாஹெர்ட்ஸைப் பார்க்கவே மாட்டா. கடைக்காரர்களின் ஃபோனும் கம்ப்யூட்டரும் டபிள்யூபிஏ3-இல் இருக்கட்டும். ஒரு பழைய கேமராவுக்காகக் கடை முழுவதையும் பின்னுக்கு இழுக்க வேண்டியதில்லை.

முறையை மாற்றியபின் ஃபோனில் அந்த வைஃபையை 'மறந்துவிடு' கொடுத்து மறுபடி சேருங்கள். பழைய முறையையே நினைவில் வைத்துக்கொண்டு சில கருவிகள் அடம் பிடிக்கும்.

"ஐபோன் 'பலவீனமான பாதுகாப்பு' என்கிறது", "100 எம்பி பிளான், 20-ஐத் தாண்டவில்லை"

இரண்டு புகாருக்கும் காரணம் ஒன்றாக இருக்கலாம்: டிகேஐபி என்ற பழைய குறியாக்க முறை. 'டபிள்யூபிஏ/டபிள்யூபிஏ2 கலப்பு', 'டிகேஐபி+ஏஇஎஸ்', 'ஆட்டோ' என்ற பெயர்களில் ஒளிந்திருக்கும். டபிள்யூஇபி என்ற முதல் முறை 2001-இல் உடைந்ததும், பழைய கருவிகளைத் தூக்கி எறியாமல் சமாளிக்க 2003-இல் தற்காலிகமாகக் கொண்டுவந்தது இது. 2004-இல் டபிள்யூபிஏ2 வந்ததோடு இதன் வேலை முடிந்தது. ஒரு கருவி டிகேஐபியில் சேர்ந்தால் 802.11என் முதலான புதிய வேகங்கள் அதற்குக் கிடைக்காது. இணைப்பு வேகம் 54 எம்பிபிஎஸ்ஸில் நின்றுவிடும், கையில் கிடைப்பது அதில் பாதிகூட இருக்காது. 'டபிள்யூபிஏ2-ஏஇஎஸ்' மட்டும் என்று வையுங்கள். எச்சரிக்கையும் போகும், வேகமும் வரும்.

டபிள்யூஇபி மட்டுமே தெரிந்த கருவி ஏதாவது மில்லில் கிடந்தால் கேபிளில் போடுங்கள். முடியாவிட்டால் மாற்றிவிடுங்கள்.

"நேற்று வரை வந்த ஃபோன் இன்று சேரவில்லை"

மேக் வடிகட்டல் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். ஒவ்வொரு கருவிக்கும் உள்ள மேக் முகவரி என்ற அடையாள எண்ணைப் பட்டியலில் எழுதி, அவற்றை மட்டும் உள்ளே விடும் வசதி. முன்பெல்லாம் அந்த முகவரி மாறாது. ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14-இல் இருந்து ஃபோன்கள் தாங்களே ஒரு முகவரியைப் புனைந்து கொடுக்கின்றன. புது ஃபோன் வாங்கினாலோ, வைஃபையை மறந்து மறுபடி சேர்ந்தாலோ முகவரி மாறியிருக்கலாம். பட்டியலில் இல்லாத ஆளாகிவிடும். அட்மின் பக்கத்தில் மேக் முகவரியின் இரண்டாவது எழுத்தைப் பாருங்கள். அது 2, 6, ஏ, இ ஆகிய நான்கில் ஒன்றாக இருந்தால் அநேகமாகப் புனைந்த முகவரிதான்.

தீர்வு: மேக் வடிகட்டலை எடுத்துவிடுங்கள். அணைக்கச் சொல்லும் வெகு சில வசதிகளில் இதுவும் ஒன்று. பாஸ்வேர்டு எவ்வளவு பலமானதாக இருந்தாலும் மேக் முகவரி காற்றில் திறந்தபடியேதான் போகிறது. கேட்டுக்கொண்டிருக்கிறவர் அதை எடுத்துத் தன் கருவிக்குப் போட்டுக்கொள்ளலாம். வேண்டாதவரை அது தடுப்பதில்லை, கடைப் பையனின் புது ஃபோனைத்தான் தடுக்கிறது. வைஃபை பெயரை மறைத்து வைப்பதும் இதே வகைதான். மறைத்த வைஃபையைத் தேடி உங்கள் ஃபோன் போகும் இடமெல்லாம் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும்.

திருமண மண்டபங்களில் வேறொரு தொல்லை. முகூர்த்த நாளில் காலை ஏழு மணிக்கெல்லாம் 'ஐபி கிடைக்கவில்லை' என்று புதிதாக வருகிறவர்கள் யாருக்கும் சேராது. சேரும் கருவிகளுக்குத் தானாக ஐபி முகவரி கொடுக்கும் டிஎச்சிபி பட்டியலில் நூறு ஐபிதான் வைத்திருப்பார்கள், ஒவ்வொன்றையும் 24 மணி நேரத்துக்குக் கொடுத்திருப்பார்கள். முந்தைய நாள் மாப்பிள்ளை அழைப்புக்கு வந்தவர்களின் ஃபோன்களே அத்தனையையும் பிடித்து வைத்திருக்கும். கால அளவை ஒரு மணி நேரமாகக் குறையுங்கள், பட்டியலை 200-க்கு மேல் கூட்டுங்கள். பாஸ்வேர்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனாலும் மண்டபத்து மேனேஜர்கள் முதலில் எடுப்பது பாஸ்வேர்டைத்தான்.

"வைஃபை வருகிறது, பிரிண்டர் தெரியவில்லை"

ஜெராக்ஸ் கடை, இ-சேவை மையம், ஆடிட்டர் அலுவலகம் எல்லாவற்றிலும் கேட்கும் புகார். ஃபோனும் பிரிண்டரும் ஒரே வைஃபையில்தான் இருக்கின்றன, இருந்தும் ஒன்றையொன்று பார்க்கவில்லை. ஒன்று, ஃபோன் விருந்தினர் வைஃபையில் இருக்கும். அல்லது 'கிளையண்ட் ஐசொலேஷன்' போட்டிருக்கும். சில பெட்டிகளில் 'ஏபி ஐசொலேஷன்' என்று இருக்கும். சேர்ந்தவர்கள் எல்லோரும் இணையத்துக்குப் போகலாம், ஒருவர் கருவியை மற்றவர் எட்ட முடியாது. அதுதான் அதன் வேலை. லாட்ஜிலும் மண்டபத்திலும் இது கட்டாயம் இருக்க வேண்டும்.

அதனால் ஐசொலேஷனை எல்லா இடத்திலும் அணைக்காதீர்கள். பிரிண்டரையும் ஊழியர் ஃபோன்களையும் முதன்மை வைஃபைக்குக் கொண்டுவந்து, அங்கே மட்டும் அணையுங்கள். வாடிக்கையாளர்கள் விருந்தினர் பக்கமே இருக்கட்டும். பிரிண்ட் எடுக்க வருகிறவர் கோப்பை மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ அனுப்பினால் போதும், உங்கள் பிரிண்டரை அவர் தொடத் தேவையில்லை.

இதிலேயே பலர் கவனிக்காத ஓட்டை ஒன்று இருக்கிறது. விருந்தினர் வைஃபை என்று பெயர் வைத்துவிட்டால் அது பிரிந்துவிட்டதாக நம்பிவிடுகிறோம். ஆனால் பெட்டியை ரௌட்டராக இல்லாமல் வெறும் ஆக்சஸ் பாயிண்டாக வைத்து, மேலே இருக்கும் இன்னொரு ரௌட்டரில் செருகியிருந்தால், விலை குறைந்த பல பெட்டிகளில் விருந்தினர் பிரிவு பெயரளவுக்கே நிற்கும். விருந்தினரின் போக்குவரத்து மேல் ரௌட்டரின் அதே பொது வலையில் போய்க் கொட்டுகிறது. சோதிப்பது சுலபம். விருந்தினர் வைஃபையில் ஃபோனைச் சேர்த்து, பிரவுசரில் மேல் ரௌட்டரின் முகவரியை அடியுங்கள். அடுத்து சிசிடிவி பெட்டியின் ஐபியை அடியுங்கள். லாகின் பக்கம் திறந்தால் உங்கள் லாட்ஜில் தங்குகிற எவரும் அதைத் திறக்கலாம். விலேன் (ஒரே கேபிளில் தனித்தனி வலைகள்) பிரிக்கத் தெரிந்த ரௌட்டரும் ஆக்சஸ் பாயிண்டும் போடுவதுதான் சரியான வழி. அது உடனே முடியாது என்றால், விருந்தினர் வைஃபையை மேல் ரௌட்டரிலேயே உருவாக்குங்கள். அங்கே அது உண்மையாகவே பிரியும்.

"கரண்ட் போய் வந்தபின் யாருக்கும் சேரவில்லை"

ஐப்பசி, கார்த்திகையில் இந்தப் புகார் கூடும். முதலில் வைஃபை பெயரைப் பாருங்கள். உங்கள் கடைப் பெயர் மறைந்து, பெட்டியில் ஒட்டியிருக்கும் பழைய பெயர் வந்திருந்தால் செட்டிங்ஸ் அழிந்து பெட்டி தொழிற்சாலை நிலைக்குத் திரும்பிவிட்டது. அட்மின் பாஸ்வேர்டும் பழையபடி ஆகியிருக்கும். அதை உடனே மாற்றுங்கள்.

பெயர் அப்படியே இருந்தால் கடிகாரத்தைப் பாருங்கள். இந்தப் பெட்டிகள் பலவற்றில் கடிகாரத்துக்குத் தனி பேட்டரி கிடையாது. கரண்ட் வந்ததும் 1970 ஜனவரி 1-இலோ வேறொரு பழைய தேதியிலோ தொடங்கி, இணையம் வந்த பிறகே நேரத்தைச் சரிசெய்துகொள்ளும். ஃபைபர் இணைப்பு வராமலே இருந்தால் நேரமும் தப்பாகவே நிற்கும். 'இரவு 10 முதல் காலை 6 வரை வைஃபை இல்லை' என்று நேர அட்டவணை போட்டிருந்தால், பட்டப்பகலிலும் பெட்டி இரவு என்று நினைத்துக்கொண்டிருக்கும். அட்டவணையைக் குறை சொல்லாமல், நேர சர்வர் செட்டிங்கையும் நேர மண்டலத்தையும் சரிசெய்யுங்கள். ஜிஎம்டிக்கு 5:30 மணி நேரம் முன்னால் இருக்க வேண்டும்.

2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தபின் வாரக்கணக்கில் கரண்ட் இல்லாத ஊர்கள் உண்டு. அப்படி ஒரு நாளுக்காகச் செட்டிங்ஸ் பேக்கப் கோப்பை ஒரு பென் டிரைவில் எடுத்து, பெட்டியோடு வைக்காமல் வேறு இடத்தில் வையுங்கள். ரௌட்டருக்கென்று விற்கும் 12 வோல்ட் சிறு யுபிஎஸ் ஒன்று போட்டால் அன்றாடக் கரண்ட் கட்டில் வரும் தொல்லைகளில் பெரும்பகுதி தீரும்.

"கல்லூரி வைஃபையில் ஒரு பிளாக்கில் மட்டும் லாகின் ஆகவில்லை"

ஆளுக்கொரு பெயர், பாஸ்வேர்டு கேட்கும் 802.1எக்ஸ் முறையில், ஆக்சஸ் பாயிண்ட் தானே முடிவெடுப்பதில்லை. பெயரையும் பாஸ்வேர்டையும் சரிபார்க்கும் ரேடியஸ் சர்வரைக் கேட்கிறது. ஒரு பிளாக்கில் மட்டும் என்றால் அந்த ஆக்சஸ் பாயிண்டின் ஐபி மாறியிருக்கும், தெரியாத முகவரியில் இருந்து வருவதால் சர்வர் பதிலே சொல்லாது. ஐபியை நிலையாகக் கொடுங்கள். இரண்டு பக்கமும் வைத்த இரகசியச் சொல் ஒன்றுதானா, 1812 போர்ட் திறந்திருக்கிறதா என்றும் பாருங்கள். எல்லா பிளாக்கிலும் ஒரே நாளில் நின்றால் சர்வரின் சான்றிதழ் காலாவதி ஆகியிருக்கலாம். மாணவர்களிடம் 'சான்றிதழைச் சரிபார்க்க வேண்டாம்' என்று வைக்கச் சொல்லாதீர்கள். அதே பெயரில் யாராவது ஒரு போலி வைஃபை வைத்தால் அத்தனை பேரின் லாகின் விவரமும் அங்கே போய்விடும்.

"எங்கள் லாட்ஜ் பெயரிலேயே இன்னொரு வைஃபை தெரிகிறது"

வேளாங்கண்ணி, கும்பகோணம் போன்ற யாத்திரை ஊர்களில் இதைக் கவனமாகப் பார்க்க வேண்டும். பதறும் முன், அது உங்கள் மாடி ரிப்பீட்டராகவும் இருக்கலாம். ஒவ்வொரு ஆக்சஸ் பாயிண்டின் அடியிலும் உள்ள மேக் எண்ணை எழுதி வைத்து, வைஃபை அனலைசர் ஆப்பில் தெரிகிற எண்ணோடு ஒப்பிடுங்கள். ஒரே பெட்டி 2.4-க்கும் 5-க்கும் சற்றே மாறிய இரண்டு எண்களைக் காட்டும், அது இயல்பு. உங்கள் பட்டியலில் இல்லாத எண், பாஸ்வேர்டு இல்லாமல், பலமான சிக்னலோடு தெரிந்தால் யாரோ போலி வைத்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஃபோனோடு நடந்து, சிக்னல் கூடும் திசையில் தேடுங்கள், தங்கியிருப்பவர்களுக்கும் சொல்லிவிடுங்கள்.

வரவேற்பறைச் சுவரில் பாஸ்வேர்டை ஒட்டி வைக்கும் இடங்களில் டபிள்யூபிஏ3 கலப்பு முறையைக் கட்டாயம் போடச் சொல்வேன். டபிள்யூபிஏ2-வில் பாஸ்வேர்டு தெரிந்த ஒருவர், நீங்கள் சேரும்போது நடக்கும் அந்த நான்கு செய்திகளைப் பதிவு செய்துவிட்டால், பிறகு உங்கள் போக்குவரத்தைப் பிரித்துப் பார்க்க முடியும். டபிள்யூபிஏ3-இல் சேர்ந்த ஃபோனிடம் அது நடக்காது.

"எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அறுந்து அறுந்து வருகிறது"

சரியாக மணிக்கொரு முறை என்றால் குரூப் கீ (சேர்ந்த எல்லோருக்கும் பொதுவான குறியாக்கச் சாவி) மாறும் நேரம் அது. 3600 நொடி என்று இருக்கும். ஃபர்ம்வேரை (பெட்டிக்குள் ஓடும் மென்பொருளை) புதுப்பியுங்கள், நொடிகளைக் கூட்டிப் பாருங்கள். ஒழுங்கில்லாமல் அறுந்தால் 2.4 கிகாஹெர்ட்ஸ் சேனலை 1, 6, 11-இல் கூட்டம் குறைந்த ஒன்றுக்கு மாற்றுங்கள். அப்போதும் நிற்காமல், லாகில் 'டீஆதென்டிகேட்' என்று வரிசையாக வந்தால் வெளியே இருந்து யாரோ துண்டிப்புச் செய்திகளைப் போலியாக அனுப்பக்கூடும். அதற்கு மருந்து மேலே சொன்ன பிஎம்எஃப்தான்.

"யாரென்றே தெரியாத கருவிகள் பட்டியலில் இருக்கின்றன"

டபிள்யூபிஎஸ்ஸை அணையுங்கள். பட்டனை அழுத்தினால் சேரும் அந்த வசதிக்குப் பின்னால் எட்டு இலக்கப் பின் எண் ஒன்று இருக்கிறது. பெட்டி அதை இரண்டு பாதியாகச் சரிபார்ப்பதால் அதிகபட்சம் 11,000 முயற்சியில் கண்டுபிடித்துவிடலாம் என்று 2011-இலேயே வெளிவந்துவிட்டது. அதை அணைத்தபின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். கடைப் பெயரும் ஃபோன் நம்பரும் சேர்ந்த பாஸ்வேர்டு வேண்டாம். அது கடைப் போர்டிலேயே எழுதியிருக்கிறது. தொடர்பில்லாத நான்கைந்து சொற்களை வரிசையாக வைத்தால் நினைவிலும் நிற்கும். 63 எழுத்து வரை இடம் உண்டு.

"வங்கிப் பக்கம் வேறு மாதிரி இருக்கிறது, தேவையில்லாத தளம் திறக்கிறது"

எல்லாக் கருவியிலும் இப்படி என்றால் தளப் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் சர்வரின் முகவரியை, அதாவது ரௌட்டரில் உள்ள டிஎன்எஸ் முகவரியை, யாரோ மாற்றியிருக்கலாம். அந்த வைஃபையில் ஓடிபி, பாஸ்வேர்டு எதையும் அடிக்காதீர்கள். பணம் போயிருந்தால் முதலில் சைபர் குற்ற உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்கள், ரௌட்டரைப் பிறகு பார்க்கலாம்.

இந்த நிலையில் செட்டிங்கைத் திருத்துவது போதாது, முழு ரீசெட் வேண்டும். பேக்கப் கோப்பை இப்போது ஏற்ற வேண்டாம், கெட்ட செட்டிங் அதிலேயே இருக்கலாம். ரீசெட்டுக்கும் வரிசை உண்டு. வேறொரு இணைப்பில், தயாரிப்பாளரின் தளத்தில் இருந்து ஃபர்ம்வேரை முதலிலேயே இறக்கி வையுங்கள். இணையம் வரும் கேபிளைப் பிடுங்கிவிட்டு ரீசெட் செய்யுங்கள். அட்மின் பாஸ்வேர்டை மாற்றி, ஃபர்ம்வேரை ஏற்றுங்கள். அப்புறம் வெளியில் இருந்து அட்மின் பக்கத்தைத் திறக்கும் வசதி, டபிள்யூபிஎஸ், யுபிஎன்பி (கருவிகள் தாமே ரௌட்டரில் வெளிவாசல் திறந்துகொள்ளும் வசதி) மூன்றையும் அணையுங்கள். வைஃபைக்குப் பழைய பெயரையே வைக்கலாம், பாஸ்வேர்டு மட்டும் புதிது. கேமராக்கள் ஒவ்வொன்றிலும் ஏறி இறங்கி அதை மாற்ற வேண்டியிருக்கும், ஏணியைக் கையோடு கொண்டு போங்கள். எல்லாம் முடிந்தபின் இணையக் கேபிளைச் செருகி, டிஎன்எஸ் முகவரியை இன்னொரு முறை பாருங்கள்.